பதில்: மாடல் பொம்மை மாதிரி நிற்கிறார்

நிர்வாணப் படம் எடுக்க நாற்பது போஸ்களை அச்சடித்துக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டியும், எல்லாப் படத்திலும் மாடல் துணிக்கடைப் பொம்மை போல நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அவரிடம் இல்லை, அந்தத் தாள்களில்தான்.

முதலில் உடையோடு உட்கார்ந்து பேசுங்கள். எதுவரை சம்மதம், முகம் தெரியலாமா, படம் எங்கே வெளியாகும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நடுவில் மனம் மாறினால் அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான். தொட்டுத் திருத்தவே கூடாது. கை உயர வேண்டுமென்றால் உங்கள் கையை உயர்த்திக் காட்டுங்கள். அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளிரில் சிலிர்த்த தோலை எந்த லைட்டும் காப்பாற்றாது. தளர்வான உடையில் வரச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தடம் அவ்வளவு சீக்கிரம் மறையாது.

அப்புறம், போஸ் சொல்லாமல் வேலை கொடுங்கள். "தோளில் விழுகிற ஜன்னல் வெளிச்சத்தை மெதுவாக முதுகுக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பும்போது நடுவில் ஒரு கணம் தோள்பட்டை எலும்பின் நிழல் நீளும். எனக்கு வேண்டியது எப்போதும் அந்தக் கணம்தான். சில படங்களுக்கு ஒருமுறை கேமராத் திரையை அவரிடமும் காட்டுங்கள்.

1936இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் எடுத்த புகழ்பெற்ற நிர்வாணப் படத்தில், வலக்கை மேல் விழுந்த நிழல் அவருக்குப் பிடிக்கவில்லை. மாடலாக இருந்த காரிஸ் வில்சனுக்கோ தன் கோணல் வகிடும் ஹேர்பின்னும் உறுத்தின. ஒரே படத்தில் இரண்டு கண்கள்! உங்கள் மாடலுக்கும் அப்படி ஒரு கண் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த நாற்பது தாள்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.