ஜூனியர் பதில் போடவில்லை என்றால்? – கல்லூரிக் கேள்வி பதில்

‘மாணவர் தலைமைப் பண்பு’ என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. சுலபமாக மார்க் வரும் என்கிறார்கள். எடுக்கலாமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர்

மார்க்குக்காக மட்டும் என்றால் வேண்டாம். பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். முக்கால் பங்கு எழுத்துத் தேர்வுக்கே போகிறது என்றால், தலைமைக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். குழுத் திட்டம், சக மாணவர் மதிப்பீடு, வாரக் குறிப்பேடு இவற்றுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

குறிப்பேட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “இன்று குழுவாகச் செயல்படக் கற்றுக்கொண்டேன்” என்று எழுதினால் மார்க் வராது. என்ன முடிவெடுத்தீர்கள், யார் மறுத்தார்கள், மறுத்தவர் சொன்னதில் நியாயம் இருந்ததா, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்: இந்த நான்கும் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே எழுதுங்கள். பருவக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் எல்லா வாரமும் ஒரே குரலில் இருக்கும். திருத்துபவருக்கு முதல் இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சீனியர் வழிகாட்டித் திட்டத்தில் முதலாண்டு மாணவி ஒருவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு சந்திப்புக்குப் பிறகு மெசேஜுக்குப் பதிலே இல்லை. என் மேல் தவறா?
– மூன்றாம் ஆண்டு மாணவி

இந்தத் திட்டங்களில் அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலும் காரணம் ஒரே வாக்கியம்: “எப்ப வேணும்னாலும் கூப்பிடு.” சொல்பவருக்கு அது தாராளம். கேட்கும் புது மாணவிக்கோ, ‘இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அக்காவைத் தொந்தரவு செய்வதா’ என்ற தயக்கம். அதனால் எழுந்து போகும் முன்பே அடுத்த சந்திப்பின் நாள், நேரம், இடம் மூன்றையும் இருவர் போனிலும் குறித்துவிட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் போதும்.

முதல் சந்திப்பிலேயே பேச வேண்டிய இன்னொன்று ரகசியம். “நீ சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, பொறுப்பாசிரியரிடம் சொல்லியே ஆவேன்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படி ஒன்று வெளிவந்த பிறகு இந்த விதியைச் சொன்னால், நம்பிக்கைத் துரோகமாகத்தான் தெரியும்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். “எல்லாம் ஓகேவா?” என்றால் “ஓகே அக்கா” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் எந்த வகுப்பு புரியவே இல்லை?”, “மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில் தனிமை இருந்தால் வெளியே வந்துவிடும். அசைன்மென்ட்டை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். உதவி என்று தொடங்குவது, காப்பியடித்த வழக்காக இருவர் தலையிலும் விடியும்.

இப்போதைக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: “புதன் 4 மணிக்கு நூலக வாசலில் இருப்பேன். வர முடியாவிட்டால் வெள்ளி 1 மணி. ஒரு எண் மட்டும் அனுப்பு: 4 அல்லது 1.” ‘ஏன் பதில் போடவில்லை’ என்ற தொனி எங்கும் வரக்கூடாது. இரண்டு வாரத்தில் இரண்டு முயற்சிக்கும் பதில் இல்லையென்றால் பொறுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். அந்த மாணவி வகுப்புக்கு வருகிறாரா என்று பார்ப்பது ஆசிரியர் வேலை. புகாராகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

ஒருவேளை அவருக்கு இனி நீங்கள் தேவைப்படாமலும் இருக்கலாம். வழிகாட்டல் உறவுகளை 1980-களில் ஆராய்ந்த கேத்தி கிராம், அவற்றில் நான்கு கட்டங்களைக் கண்டார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை. பிரிவு என்பது உறவின் இயல்பான ஒரு கட்டம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டே சந்திப்பில் அது வந்திருக்க வாய்ப்பு குறைவு. முதலில் மெசேஜை அனுப்புங்கள்.

தொழில் ஆர்வத் தேர்வில் எனக்கு ‘எஸ், ஏ, ஐ’ என்று வந்தது. நான் படிப்பதோ இயந்திரப் பொறியியல். துறை மாற வேண்டுமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர்

அவசரப்படாதீர்கள். இது உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின் வழி வந்தது. ஆர்வங்கள் ஆறு வகை: ஆர் – கைவேலை, கருவிகள், ஐ – ஆராய்ச்சி, ஏ – கலை, எஸ் – மனிதரோடு பழகுவது, கற்பிப்பது, இ – முனைந்து நடத்துவது, விற்பது, சி – ஒழுங்கு, கணக்கு, ஆவணம். இதே வரிசையில் அறுகோணமாக வைத்தால், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒத்துப்போகும்; எதிரெதிர் எழுத்துகள் இழுபறி. உங்கள் மூன்றும் அடுத்தடுத்து இருப்பவை, ஆகவே முடிவில் குழப்பமில்லை.

ஆனால் தேர்வு அளந்தது ஆர்வத்தை மட்டும், திறமையை அல்ல. பொறியியலுக்குள்ளேயே பயிற்சி தருவது, வாடிக்கையாளரோடு சேர்ந்து வடிவமைப்பது, மறுவாழ்வுக் கருவிகள் செய்வது என்று மனிதரோடு ஒட்டிய வேலைகள் உண்டு. இன்னொன்றையும் பாருங்கள்: ஆறு மதிப்பெண்களும் ஏறக்குறைய சமமாக இருந்தால், முதல் மூன்று எழுத்துக்குப் பெரிய பொருளில்லை. எல்லாக் கேள்விக்கும் ‘பிடிக்கும்’ என்று தட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். சந்தேகமிருந்தால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ‘ஓ-நெட்’ தளத்தில் 60 கேள்வி கொண்ட தேர்வு இலவசமாக இருக்கிறது. சில வாரம் கழித்து ஒருமுறை எழுதி ஒப்பிடுங்கள்.

பிறகு மூன்று வேலைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒருவரிடம் 20 நிமிடம் கேளுங்கள். “உங்கள் வேலை பிடிக்குமா?” என்று கேட்டுப் பயனில்லை. “போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள், வேலையின் உண்மையான முகம் தெரியும். அந்தப் பேச்சில் உங்களுக்கு வேலை கேட்டுவிடாதீர்கள். தகவலுக்கு என்று நேரம் வாங்கிவிட்டு ரெஸ்யூமேவை நீட்டினால் அடுத்த கதவும் மூடிக்கொள்ளும்.

குழுத் திட்டத்தில் ஆறு பேர். வேலை செய்வது இரண்டு பேர்.
– பெயர் வேண்டாம்

கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுக்கும் விசையும் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913-லேயே எழுதிவிட்டார். முடிந்தால் ஆறை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. ‘எல்லோரும் சேர்ந்து’ என்று எழுதிய வேலை யாருக்கும் சொந்தமில்லை. சக மதிப்பீட்டைப் பருவ நடுவிலும் ஒருமுறை வைக்கச் சொல்லி ஆசிரியரைக் கேளுங்கள். கடைசியில் மட்டும் வைத்தால் பழி தீர்க்கத்தான் உதவும்.

வழிகாட்டியாக இருந்ததை ரெஸ்யூமேவில் எப்படிக் காட்டுவது?
– இறுதியாண்டு மாணவி

“தலைமைப் பண்பு உடையவர்” என்ற வரியை முதலில் அழித்துவிடுங்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், என்ன செய்து, என்ன மாறியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். மாதிரிக்கு: “முதலாண்டு மாணவர் 4 பேருக்கு ஒரு பருவம் வழிகாட்டினேன், வாராந்திரக் கணக்குப் பயிற்சி நடத்தினேன், நால்வரும் தேர்ச்சி.” தேர்ச்சி பெற்றது மூவர் என்றால் மூவர் என்றே எழுதுங்கள். நான்காமவரைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள்; பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.