பிடிக்காத நாடகமும் நடக்காத நாடகமும்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்தில் நடந்த மூன்று நாள் சிறுநாடக விழாவுக்கு 800 ரூபாய் கொடுத்து பாஸ் வாங்கினேன். எட்டு நாடகம் என்றார்கள். பாசி எடுக்கிற பெண்ணாக ஒருத்தி தனியாக நடித்தாளே, அது ஒன்றுதான் மனசில் நின்றது. வசனமே இல்லாத நாடகம் எனக்குப் புரியவே இல்லை. இன்னொன்றில் ராஜா வேஷக்காரர் செல்போனைப் பார்த்து வசனம் படித்தார். நோட்டீசில் ஒரு மணி நேரம் என்று போட்ட நாடகம் 35 நிமிடத்தில் முடிந்தது. கடைசி நாள் கடற்கரையில் நடக்க வேண்டிய இரண்டு நாடகமும் ரத்து, கேட்டால் காற்றாம். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று பாஸிலேயே அச்சடித்திருக்கிறார்கள். முழுப் பணத்தையும் கேட்கலாமா? விழாக்காரர்களுக்கு எழுதிய நாலு பக்கக் கடிதத்தின் நகலையும் வைத்திருக்கிறேன்.
– வாசகர், உச்சிப்புளி

பதில்: விழா நடந்த அந்த ஐஸ் கம்பெனி ஷெட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். பாசி நாடகத்தில் அந்தப் பெண் பேச ஆரம்பிக்கும் முன்னால், கிழிந்த துணியைப் பல்லால் கடித்து இழுத்து ஒவ்வொரு விரலாகச் சுற்றினார். பத்து விரலும் முடிகிறவரை ஷெட்டில் ஒரு இருமல்கூட இல்லை. பாறை கையைக் கிழிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வசனமில்லாத நாடகம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் நாம் இருவரும் சண்டை போடலாம், தீர்த்துவைக்க நுகர்வோர் ஆணையம் வராது.

உங்கள் கடிதத்தின் கோளாறே அதுதான். மூன்றரைப் பக்கம் விமர்சனம். பணம் கேட்க உரிமையுள்ள விஷயம் கடைசி அரைப் பக்கத்தில் பதுங்கிக் கிடக்கிறது. இந்த மாதிரி விழாக்களுக்கு மூலம், 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவுக்கு அழைப்பே இல்லாமல் போய் ஆடிய எட்டுக் குழுக்கள். அவர்களிடமிருந்து வளர்ந்த 'ஃபிரிஞ்ச்' விழாவில் இன்றும் தேர்வுக்குழு கிடையாது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். உங்கள் நோட்டீசிலும் 'எல்லாக் குழுக்களுக்கும் மேடை' என்றுதான் இருக்கிறது. எனவே சொதப்பல் நாடகத்துக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்குகிறோம். செல்போன் ராஜா எரிச்சல்தான், ஆனால் அவரை வைத்துக் காசு கேட்க முடியாது.

நடக்காத இரண்டும் வேறு கணக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொழுதுபோக்கும் சேவைதான், காசு வாங்கி நடத்தினால். (கோயில் திருவிழாவில் விடிய விடிய ஓசியில் பார்க்கிற நாடகத்துக்கு இது செல்லாது. அங்கே நம் விமர்சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதுதான்.) 'திருப்பித் தரப்படாது' என்ற வரி, வர முடியாமல் போன உங்களைக் கட்டலாம், நடத்தாமல் விட்ட அவர்களைக் காப்பாற்றாது. காற்று என்கிறார்களே, வைகாசியில் இந்தக் கரையில் காற்று அடிக்கும் என்பது யாருக்குத் தெரியாது? அந்த ஷெட்டையே கேட்டிருக்கலாம், தடைக்காலத்தில் சும்மாதானே கிடந்தது.

ஆக, எட்டில் இரண்டு: 200 ரூபாய். 35 நிமிட நாடகத்துக்கு நோட்டீஸே சாட்சி என்பதால் அதற்கும் ஒரு பங்கு கேளுங்கள். முழு 800 கேட்டால் பார்த்து ரசித்ததற்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி ஆகும்.

பாஸ், நோட்டீஸ், ரத்து என்று வந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றின் நகலோடு அரைப் பக்கத்தில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி 30 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 200 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் அலைவீர்களா என்பது உங்கள் பாடு.

மிச்ச மூன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அந்தந்த நாடகக் குழுவுக்கே அனுப்புங்கள், முதல் நகல் செல்போன் ராஜாவுக்கு.