வேக ரயில் வந்தால் கொழும்பு பஸ் நிற்குமா? – கேள்வி பதில்

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில்.

ஜப்பான் மாதிரி ரயில் வந்தால் மட்டக்களப்பு – கொழும்பு பஸ்களை மூடிவிட வேண்டியதுதானே? (கல்லடி)

தம்பி, ஜப்பானிலேயே மூடவில்லை. டோக்கியோ – ஒசாகா ஷின்கன்சென் என்ற வேக ரயில் 1964 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியது. 515 கிலோமீற்றரை இன்று சுமார் இரண்டரை மணித்தியாலத்தில் முடிக்கிறது. அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே எட்டு மணித்தியாலம் எடுக்கும் இரவு பஸ்ஸும் ஓடுகிறது. டிக்கெட் மலிவு, லொட்ஜ் வாடகையும் மிச்சம். பெண்களுக்கென்றே தனி பஸ்கூட உண்டு.

எங்கள் ஊரில் தண்டவாளமே இல்லை. எங்களுக்கு இதில் என்ன? (அக்கரைப்பற்று)

விஷயமே உங்களிடம்தான் இருக்கிறது. தண்டவாளம் மட்டக்களப்போடு சரி. அங்கே வர உங்களுக்கு அறுபது கிலோமீற்றர் சொச்சம். அப்புறம் ஸ்டேஷனில் காத்திருப்பு, கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வெள்ளவத்தைக்கு ஓட்டோ. ரயில் மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி இதிலேயே போய்விடும். இரவு பஸ் உங்கள் சந்தியிலேயே ஏற்றும். கயிறு கட்டிய இரண்டு தயிர்ச் சட்டியோடு ஏறும் அம்மாவிடம் கொண்டக்டர் அதை வாங்கி முன் சீட்டுக்குக் கீழே சாய்க்காமல் வைப்பதை எத்தனை தரம் பார்த்திருப்பேன்!

இந்தோனேசியாவிலும் இதே கதை. ஜகார்த்தா – பாண்டுங் வேக ரயில் 2023இல் வந்தது, 142 கிலோமீற்றர்தான். ஆனால் பாண்டுங் நகருக்குள் போக, வெளியே ஒரு ஸ்டேஷனில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அதனால் வீட்டுப் பக்கம் ஏற்றி இறக்கும் வான்களுக்கு இன்றும் ஆள் இருக்கிறது.

அப்படியென்றால் பஸ்காரருக்கு நட்டமே இல்லையா? (களுவாஞ்சிக்குடி)

ஏன் இல்லை? சீனாவில் வேக ரயிலும் சொந்தக் காரும் சேர்ந்து தூர பஸ்ஸை நன்றாகவே அடித்தன. தாய்வானில் 2007இல் வேக ரயில் வந்தது. 2012இல் தாய்பே – காவ்சியுங் விமானமே நின்றது. பஸ் மட்டும் மலிவு விலையில் தப்பியது. ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும், காசுள்ள, அவசரக்காரப் பயணிதான் முதலில் பஸ்ஸை விட்டு ரயிலுக்குப் போவார்.

நமது மட்டக்களப்பு – கொழும்பு உதயதேவி ரயில் எப்போது பறக்கும்? (வாழைச்சேனை)

ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயிலுக்கு வழிவிட்டு நிற்பதிலேயே நேரம் போகிறது. அந்தப் பாதையில் கல்ஓயாப் பக்கம் 2025 பெப்ரவரியில் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டில் வேகம் கேட்க எனக்கு மனம் வராது.

பஸ் முதலாளி இப்போதே என்ன செய்யலாம்? (கல்முனை)

ரயில் வரும் நேரத்துக்கு மட்டக்களப்பு ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை நிறுத்துங்கள். கல்முனை, பொத்துவில் ஆட்களை அள்ளலாம். ஆனால் ரயில் பிந்தும். ஒருமுறை அரை மணித்தியாலம் பஸ்ஸை மறித்து வைத்தேன். இறங்கி வந்தவர்கள் வாழ்த்தினார்கள், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் என் பரம்பரையையே இழுத்தார்கள்.

பார்சல்? (காத்தான்குடி)

ரயிலில் போட்டால் ஸ்டேஷனுக்குப் போய் எடுக்க வேண்டும். பஸ்ஸில் கடை வாசலில் இறங்கும். காத்தான்குடி வியாபாரிக்கு இதை நானா சொல்ல வேண்டும்?