இது கடைசி காலம்தானா? கிறிஸ்தவர்களுக்குப் பயமாக இல்லையா?

போர், நோய், வேலை போவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, வேதத்தில் எழுதியிருக்கிற முடிவு வந்துவிட்டதா, நீங்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூங்கவில்லைங்க. 2021-ல் பல இரவுகள் தூங்கவே இல்லை.

திருப்பூரில் அப்போது கொரோனா ஊரடங்கு, பனியன் கம்பெனி பூட்டிக் கிடந்தது, கையில் போன் மட்டும்தான். கடைசி காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிற அந்திகிறிஸ்து, மிருகத்தின் எண்ணான 666, விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இயேசு மறைவாக வருவார் என்கிற ரகசிய வருகை என்று ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், மணி இரண்டாகிவிடும். தடுப்பூசிதான் மிருகத்தின் முத்திரை, அதாவது அந்திகிறிஸ்துவின் ஆட்கள் மேல் விழுகிற அடையாளம் என்று ஒருவர் படம் வரைந்து விளக்கினார். அதை நம்பி, ஊசி போடக் கிளம்பிய அப்பாவை நான்தான் தடுத்தேன். மே மாதம் அவர் போய்விட்டார். போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடக்கத்துக்கு நாலே பேர். ஆயருக்கும் காய்ச்சல், வீட்டைவிட்டு வர முடியாது. அதனால் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்தான். கையுறையோடு தொட்டால் திரை வேலை செய்யவில்லை, ஒரு கையில் மட்டும் கழற்றிவிட்டு, அந்தக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி அழுத்தினான். ஆயர் வாசித்தது 1 தெசலோனிக்கேயர் 4, அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரம். எக்காளம், மேகங்கள், மரித்தவர்கள் எழுந்திருப்பது, எல்லாம் வீடியோக்களில் என்னை நடுங்க வைத்த அதே பகுதி. சிக்னல் விட்டு விட்டு வந்தது. கடைசி வசனம் மட்டும் முழுசாகக் கேட்டது: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்."

தேற்றுங்கள் என்றா முடிகிறது? அத்தனை வீடியோவில் ஒருத்தர்கூட அந்த வரி வரைக்கும் வரவில்லையே!

அப்புறம்தான் அந்த நிருபத்தை முதலிலிருந்து படித்தேன். பவுல் அதை எழுதியது கிட்டத்தட்ட கி.பி. 50 வாக்கில். தெசலோனிக்கேயில் சிலர் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. இயேசு திரும்பி வரும்போது செத்துப்போன நம்ம ஆட்கள் விடுபட்டுப் போவார்களோ என்று அந்த ஜனங்களுக்குக் கவலை. இல்லை, அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று பதில் எழுதுகிறார். அதாவது அது துக்க வீட்டுக்குப் போன கடிதம், அதை நாம் ரயில் அட்டவணை மாதிரி விரித்து வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறோம். அடுத்த நிருபத்தில் சிலர் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கறாராகவே சொல்லிவிடுகிறார். எங்கள் ஜெபக்குழுவில் ஒருத்தர், கர்த்தர் வரப்போகிறார், பையனுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்டார். அவரிடம் இதைக் காட்டினேன், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தேதி குறித்தவர்கள் கதை தெரிந்ததுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள், அறுவடை செய்யாமல் பயிரை வயலிலேயே விட்டவர்களும் உண்டு. அங்கேயே ரேடியோ பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், நடக்கவில்லை என்றதும் அக்டோபருக்குத் தள்ளினார். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும் என்று இயேசுவே மத்தேயு 24-ல் சொன்ன பிறகு, இவர்களுக்கு மட்டும் யார் சொன்னார்களோ. போர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்பதும் அதே அதிகாரம்தான். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். பிளேக்கில் ஊரே காலியானபோதும் உலகம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்கள் லைனில் பாதி மெஷின் நின்றது. உடனே குழுவில் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலின் 18-ம் அதிகாரம் வந்து விழுந்தது, பாபிலோன் விழுந்ததும் சரக்கை வாங்க ஆளில்லாமல் வியாபாரிகள் அழுகிற பகுதி. சரக்குப் பட்டியலில் துணியும் இருக்கிறதாம், ஆகவே திருப்பூராம்! அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பீஸ்களில் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டவர், "செரி கண்ணு, அந்தக் கட்டை இப்படித் தள்ளு" என்றார்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் இயேசுவின் வருகையை நிஜமாகவே எதிர்பார்க்கிறவர் அம்மாதான். அப்பாவைப் பார்க்க வேண்டுமே. தினமும் படுக்கும்முன் "ஆண்டவரே, சீக்கிரம் வாங்க" என்று சத்தமாக ஜெபிப்பார். ஆமென் சொன்ன கையோடு என்னைக் கூப்பிட்டு, காலையில் தண்ணி விடுவாங்க, அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சுடு என்பார்.