தம்பியை எங்கே அனுப்புவது?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

என் தம்பிக்கு 44 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறான். எங்கள் கடையில் கணக்கு எழுதுகிறான். அடுத்த வாரம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்று ஒரு நாள் அவனை வெளியூருக்கு அனுப்பிவிடும்படி வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நோயின் பெயரை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. மனநோயாளிகளைப் பற்றிய மக்களின் பார்வையை எப்படித்தான் மாற்றுவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கைநடுக்கத்தில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு. மனம் சிதைந்துவிட்டது என்று ஒருவரைப் பற்றிச் சொன்னபின் அவரிடம் மிச்சமிருப்பது என்ன என்று கேட்பவருக்குத் தோன்றிவிடுகிறது. ஜப்பானிய மொழியிலும் இந்நோய்க்கு ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் 2002-இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் அதை மாற்றியது. அதற்குப் பிறகு, நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் கணிசமாகக் கூடினார்கள். நம்மிடமோ ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர்கூட வசைச்சொல்லாகிவிட்டது. 1794-இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனை அங்கே இருப்பதுதான் அதற்குக் காரணம் என்பது என்னை வருத்துகிறது.

ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் பயம் போய்விடாது. நோயோடு வாழும் ஒருவரை நேரில் அறிந்து பழகும்போதுதான் பிறருடைய அச்சம் பெரிதும் குறைகிறது என்பதை இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் உங்கள் தம்பி எழுதிய கணக்கை நம்பிப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஊர் பழகிய ஒருவரைத்தான் வீட்டார் ஒரு நாளைக்கு இல்லாதவராக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு நாள்தானே என்று அவர்கள் சொல்லக்கூடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகம் தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் அன்பில்லாதவர்கள் அல்லர், வழி தெரியாமலும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும் விட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அந்தக் கொடுமையோடு சேர்த்துப் பேசவில்லை. எனினும் ஆளைக் கண்ணில் படாமல் வைத்தால் குடும்பத்தின் மானம் காக்கப்படும் என்ற எண்ணம் இரண்டிடத்திலும் ஒன்றே. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. வெளியூருக்குப் பேருந்து ஏற்றிவிடுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் வராது.

அதே சட்டம், தம் நோய் பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. ஆகவே வருகிறவர்களிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் தம்பியே முடிவு செய்யட்டும். அவர் வேண்டாமென்றால் அதை மதியுங்கள், அது ஒளிப்பதாகாது. ஆனால் ‘இவர் பெண்ணின் சித்தப்பா’ என்று அறிமுகப்படுத்த நோயின் பெயர் தேவையில்லை. இன்றிரவு கடை அடைத்தபின், அன்றைக்கு அவர் கூடத்தில் உட்கார விரும்புகிறாரா என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை.