சோலார் கனெக்டர்: இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியா? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாடி சோலார் பற்றியவை, அதிலும் பேனல் வயர்களை ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர் பற்றியவை. மிக்ஸி, மெத்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறைவரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: வீட்டில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். பேனலோடு வந்த கனெக்டர் ஒரு கம்பெனி, இன்வெர்ட்டருக்கு இறங்கும் கேபிளில் மாட்டியது வேறு கம்பெனி. "எம்சி4 எல்லாம் ஒண்ணுதான் சார், கிளிக்னு உக்காந்துருச்சு பாருங்க" என்கிறார் வேலை பார்த்தவர். நம்பலாமா? – ஆனையூர்

ப: நம்ப வேண்டாம். எம்சி4 என்பது ஸ்விட்சர்லாந்தின் மல்டி-கான்டாக்ட் கம்பெனி கொண்டுவந்த கனெக்டர். இப்போது அது ஸ்டாய்ப்ளி என்ற பெயரில் இருக்கிறது. அந்த வடிவத்தைப் பார்த்து மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள், அதனால் வெளியே பூட்டு விழுந்துவிடும். உள்ளே பின்னைக் கவ்வும் ஸ்பிரிங், உலோகத்தின் மேல் பூசிய முலாம், பிளாஸ்டிக், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இவையெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எல்லோரும் கட்டுப்பட்ட பொது அளவு ஒன்று கிடையாது.

போட்ட அன்று எதுவும் தெரியாது, மீட்டர் சரியாகத்தான் ஓடும். சித்திரை வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கி, ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளரும். நல்ல இணைப்பில் மின்தடை அரை மில்லி ஓமுக்கும் கீழே இருக்கும். இன்றைய பெரிய பேனல்களில் சுமார் 13 ஆம்பியர் ஓடுகிறது. அந்தத் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் 17 வாட் சூடு, ஏறக்குறைய ஒரு சின்ன சால்டரிங் அயர்னை உள்ளே வைத்து மூடியது போல. பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிப்பது இப்படித்தான். ஐஇசி 62548 என்ற சர்வதேச விதியும் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே வகை என்றுதான் சொல்கிறது.

நல்ல சேதி ஒன்று உண்டு. ஒரே மாடல் பேனல்கள் தங்களுக்குள் இணையும் இடங்களில் பெரும்பாலும் ஒரே கனெக்டர்தான் இருக்கும். கலப்பு வருவது வரிசையின் இரண்டு முனைகளில். அங்கே கேபிள் பக்கம் இருப்பதை வெட்டிவிட்டு, பேனலில் உள்ள அதே கம்பெனி, அதே மாடலைப் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பேனல் பக்கம் வெட்ட விடாதீர்கள், வாரண்டியில் கை வைத்துவிடுவார்கள். கேபிளின் மறுமுனையில், இன்வெர்ட்டர் வந்த அட்டைப்பெட்டியிலேயே அதற்கான கனெக்டர் ஜோடி பெரும்பாலும் இருக்கும். அதைத்தான் போட்டார்களா என்றும் பாருங்கள்.

கே: பேனல் துடைக்கும்போது கனெக்டரைப் பகலிலேயே கழற்றி மாட்டலாமா? இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டுமா? – சோழவந்தான்

ப: ஓடும்போது கழற்றவே கூடாது. பேனலிலிருந்து வரும் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தில் பொறி கிளம்பினால் தானாக அணையாது, கையைச் சுட்டுவிடும். துடைப்பதற்குக் கனெக்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கே: ஆன்லைனில் பிரபல கம்பெனி பெயர் அச்சடித்த கனெக்டர் 10 ஜோடி வாங்கினேன். ஒரே கோடையில் இரண்டு ஜோடி பழுப்பாகி உருகிவிட்டது. விற்றவர் "நீங்கள் மாட்டிய விதம் தப்பு" என்று பதில் போட்டுவிட்டுப் பேசுவதையே நிறுத்திவிட்டார். – மேலூர்

ப: படிக்கும்போதே வயிறு எரிகிறது. வீடு தப்பியதே பெரிது. உங்கள் மேல் தப்பு இல்லை, அசல் பெயரை அச்சடித்து விற்பவனைத்தான் கேட்க வேண்டும். உருகிய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பிரிக்காத ஜோடிகள், பில், விற்ற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊர் எல்லையிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

மிச்சமுள்ள 8 ஜோடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் வாங்கிய ஒரு பாக்கெட்டும் இப்படித்தான், ஒரிஜினல் என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். வீட்டில் வந்து பின்னைக் காந்தத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. செம்புப் பின் ஒட்டாது, இரும்பில் முலாம் பூசி விற்றிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பதையும் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதையும் வீடியோ எடுத்துப் புகாரில் சேருங்கள்.

கே: கனெக்டரின் பின்னை வயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் டூல் விலை அதிகம். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கேபிளும் வீட்டு வயரிங்கில் மிச்சமான 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இருக்கிறது, அதையே போட்டுவிடலாமா? – திருமங்கலம்

ப: இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். லட்சக்கணக்கில் பேனலுக்குக் கொடுத்துவிட்டு வயரில் மிச்சம் பிடிக்க நினைக்கிறீர்களே, இது என்ன கணக்கு? வீட்டு பிவிசி வயர் வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். அதோடு அது சோலார் கேபிளைவிட மெலிசு, கனெக்டரின் ரப்பர் அதைப் பிடிக்காது, தண்ணீர் உள்ளே போகும். ஐஎஸ் 17293 என்று மேலே அச்சடித்த கேபிளை வாங்குங்கள். பிளேயரால் நசுக்கினால் சில இழைகள் அறுந்திருக்கும், சில தளர்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. டூல் இல்லாதவரை வேலைக்கே கூப்பிடாதீர்கள். டூல் நீங்கள் வாங்க வேண்டியதில்லை, அவர் கொண்டுவர வேண்டியது.

கே: குரங்குத் தொல்லை. தொங்கும் வயரைப் பிடித்து இழுக்கின்றன. கனெக்டருக்கு பிளாஸ்டிக் கவர் கட்டலாமா? – அழகர்கோவில் சாலை

ப: கவர் வேண்டாம், தண்ணீரும் சூடும் உள்ளேயே நிற்கும். தொங்க விட்டதுதான் தப்பு. கனெக்டர் தரையிலும் படக்கூடாது, ஆடவும் கூடாது. பேனலுக்கு அடியில் கம்பியோடு சேர்த்து வெயில் தாங்கும் டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், கீழே இறங்கும் கேபிளைப் பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். இழுக்க எதுவும் கிடைக்காவிட்டால் அவை போய்விடும்.

கே: மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான சூர்ய கர் மானியம் 78,000 ரூபாய் வந்தது. போட்டவரைக் கனெக்டர் சூடாகிறது என்று கூப்பிட்டால் "அது அக்சஸரீஸ், வாரண்டியில் வராது" என்கிறார். – வாடிப்பட்டி

ப: வரும். இந்தத் திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம் 5 வருடப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை செய்கிறது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை ஆஃப் செய்து வையுங்கள்.

ஆனால் உங்கள் கொட்டேஷனைப் பார்த்தேன், எனக்கு நெடுநாளாக இருக்கும் எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. பேனலுக்குக் கம்பெனி, மாடல், வாட் எல்லாம் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே "கேபிள், கனெக்டர், இதர – 1 செட்" என்று ஒரே வரி. மதுரையில் என் கண்ணில் படும் கொட்டேஷன் எல்லாமே இப்படித்தான். லாபத்தைப் பிழிவது அந்த ஒரு வரியில்தான், வீட்டுக்கு ஆபத்து வருவதும் அங்கேதான். கையெழுத்துப் போடும் முன்பு அந்த வரியை உடைக்கச் சொல்லுங்கள்: கேபிள் எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்கொயர், கனெக்டர் எந்தக் கம்பெனி, எந்த மாடல். பேனலின் டேட்டா ஷீட்டில் கனெக்டர் என்று ஒரு வரி இருக்கும், அதோடு இது ஒத்துப்போக வேண்டும். ஷீட்டில் வெறும் "எம்சி4 கம்பேட்டிபிள்" என்று போட்டிருந்தால் பேனல் கம்பெனிக்கு மெயில் போட்டு எந்த மாடல் என்று எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு பக்க எழுத்தும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கே: பழைய 4 பேனலோடு வேறு கம்பெனிப் பேனல் 2 சேர்க்கிறேன். கனெக்டர் வேறு வேறு. என்ன வழி? – உசிலம்பட்டி

ப: ஒரு முழம் சோலார் கேபிளில் ஒரு முனைக்குப் பழைய பேனலின் கனெக்டர், மறுமுனைக்குப் புதிய பேனலின் கனெக்டர் போட்டு நடுவில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் தன் கம்பெனியோடுதான் சேரும். அதற்கு முன்னால் இரண்டு பேனலின் ஆம்பியரும் கிட்டத்தட்ட ஒன்றா என்று பாருங்கள். ஒரே வரிசையில் குறைந்த ஆம்பியர் உள்ளது மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும்.

கே: வெட்டி எடுத்த கனெக்டரின் பின்னைத் திரும்பப் போடலாமா? – செல்லூர்

ப: கூடாது. ஒருமுறை கிரிம்ப் செய்துவிட்டால் அந்தப் பின் குப்பைக்குத்தான்.