கடலோரச் சாலைப் பயணம்: கூடாரம், நடை, ஓதம் – கேள்வி பதில்

கடலை ஒட்டி வண்டியில் போவது, கரையோரம் கூடாரம் போடுவது, இடையில் இறங்கி நடப்பது – இவை பற்றிக் கேளுங்கள். எந்தக் கார் வாங்கலாம், எந்தக் கேமரா நல்லது என்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வழிப்போக்கன்: பத்து நாள், மொத்தம் 2,000 கி.மீ. தினம் 200 வீதம் பிரிச்சு வச்சிருக்கேன். சரியா வருமா சார்?

வராது. கிலோமீட்டரை நாளால் வகுத்தால் தினமும் கூடாரம் பிரித்து, தினமும் கூடாரம் போடுவீர்கள். பிரித்து ஏற்ற ஒன்றரை மணி நேரம், இறக்கிப் போட இன்னொரு ஒன்றரை. நடக்க எப்போது நேரம்?

ஓரிடத்தில் இரண்டு இரவு என்று வையுங்கள். பத்து நாளுக்கு ஒன்பது இரவு. நாலு இடத்தில் இரண்டிரண்டு, ஐந்தாவதில் ஒன்று. வண்டி ஓட்டும் நாள் ஆறு, முழுதாக நடக்கக் கிடைப்பது நாலு. 2,000 கி.மீ.யை ஆறு நாளில் ஓட்டினால் நாளுக்கு 330க்கு மேல் வரும். கடலோரச் சாலையில் வளைவு, ஊர், பாலம் எல்லாம் சேர்த்துச் சராசரி 50 கி.மீ. வேகமே பெரிது. அதாவது ஏழு மணி நேரம் ஸ்டீயரிங். தூரத்தை 1,200க்குக் குறையுங்கள், நாலு மணி நேரத்தில் முடியும். ஆற்று முகத்துவாரம் வரும் இடமெல்லாம் சாலை உள்நாட்டுக்குள் சுற்றிப் போகும். வரைபடத்தில் எதிரே தெரியும் ஊருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே முகாமில் இருக்க வேண்டும்.

திட்டம் போடும் வரிசையும் முக்கியம். முதலில் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் எப்போது, எவ்வளவு ஏறி இறங்கும் என்ற பட்டியல். அதை வைத்து எந்த நாள் எந்தக் கரையில் நடக்கலாம் என்று முடிவு. பிறகு முகாம் முன்பதிவு. சாலை கடைசி. எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கயல்: எந்தத் திசையில ஓட்டுறது நல்லது?

இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் இடப்பக்கம் இருக்கும்படி. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம். எதிர் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் கடல் பார்க்கும் இடங்களில் ஒதுங்கி நிறுத்தலாம். திரும்பும்போது உள்நாட்டு நெடுஞ்சாலை.

மணல்வீடு: மணல்ல டென்ட் ஆணி நிக்கவே மாட்டேங்குது. நீள ஆணி வாங்கணுமா?

வேண்டாம். உலர்ந்த மணலில் எந்த நீள ஆணியும் காற்றுக்கு உருவிக்கொண்டு வரும். புதைக்க வேண்டும். துணிப்பையில் மணல் நிரப்பி வாயைக் கட்டுங்கள், அல்லது முழங்கை நீளக் குச்சி ஒன்று எடுங்கள். அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக, முழங்கால் அளவு ஆழத்தில் படுக்க வையுங்கள். கூடாரத்தை நோக்கிக் கயிறு போக ஒரு சாய்வான வாய்க்கால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் கயிறு மேல்நோக்கி இழுத்துப் புதைத்ததைக் கிளப்பிவிடும். மூடி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நன்றாக மிதியுங்கள்.

கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கி இருக்கட்டும், வாசல் மறுபக்கம். பகலில் கடலிலிருந்து வரும் காற்று இரவில் பல கரைகளில் நிலத்திலிருந்து திரும்பும். அதனால் நாலு பக்கமும் கயிறு. மணல்மேட்டில் புல் முளைத்திருந்தால் அதன்மேல் போடாதீர்கள், அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புல்தான்.

அலைமகள்: தண்ணியிலிருந்து எவ்வளவு தள்ளி டென்ட் போடணும்? காய்ஞ்ச பாசி கிடக்கிற கோட்டுக்கு மேல போட்டா போதும்னு சொல்றாங்களே?

எந்தப் பாசிக் கோடு? கரையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஈரம் காயாத பாசியும் சிப்பியும் கிடப்பது கடைசி ஓதம் விட்டுப்போனது. அதற்கு மேலே வெளுத்து நொறுங்கும் பாசி, கட்டைகள், பிளாஸ்டிக் கிடக்கும் கோடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் ஒதுக்கியது. அரைநிலா நாட்களில் போகிறவர் கீழ்க் கோட்டைப் பார்த்து ஏமாறுவார். அடுத்தடுத்த நாளில் ஓதம் ஏறிக்கொண்டே வரும். மேல்கோட்டையும் தாண்டிப் போடுங்கள். ஓத அட்டவணையில் நீங்கள் தங்கும் இரவுகளின் உயரத்தைப் பாருங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். இது அட்டவணையில் இருக்காது. புயல் சின்னம் இருந்தால் கரையில் தங்கவே வேண்டாம்.

செங்குத்துப் பாறைக்கு அடியிலும், காய்ந்து கிடக்கும் ஓடையிலும் வேண்டவே வேண்டாம்.

நீலவானம்: பாறைமுனை சுத்தி ஏழு கி.மீ. கரைநடை. தாழ் ஓதம் 11 மணிக்கு. ஓதம் ஆறு மணி நேரத்துல ஏறுது, ஒரு மணி நேரத்துக்கு ஆறுல ஒரு பங்குதானே? ஒரு மணி நேரம் லேட்டா கிளம்பினா என்ன ஆயிடும்?

நீர் சமமாக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டாக்கினால் முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1. ஏற்றம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 செ.மீ., மூன்றாவதில் 90. கரைச் சரிவு நாற்பதுக்கு ஒன்று என்றால் அந்த ஒரு மணியில் நீர் 36 மீட்டர் உள்ளே வரும்.

உங்கள் கணக்கு: 11க்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடக்கலாம் என்று வைப்போம். 9 முதல் 1 வரை. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன நடைக் கணக்கு மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல். அது நல்ல பாதைக்கு. இளகிய மணலுக்கும் உருண்டைக் கல்லுக்கும் பாதி வேகம் போடுங்கள். ஏழு கி.மீ.க்கு 2 மணி 48 நிமிடம். 9க்குக் கிளம்பினால் 11:48. 10க்குக் கிளம்பினால் 12:48. மிச்சம் 12 நிமிடம். அதற்கப்புறம் தொடங்குவது அந்த 90 செ.மீ. மணி. நீர் இறங்கும்போதே நுழையுங்கள், தப்பு நடந்தாலும் நேரம் இருக்கும்.

நீலவானம்: மெக்சிகோ வளைகுடாவுல பல இடத்துல நாளைக்கு ஒரே ஓதம்தான். உங்க பன்னிரண்டு பங்கு அங்க பொய்.

சரிதான், அங்கே செல்லாது. நாளுக்கு இருமுறை, ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் கரைக்கு மட்டுமே அது பொருந்தும். நீர் எப்படி நடந்துகொள்கிறது என்று புரியவைக்கத்தான் சொன்னேன். அட்டவணைக்கு அது மாற்று அல்ல.

சக்கரம்: மத்தியதரைக் கடல்ல ஓதமே கிடையாதாம். அப்போ எல்லாரையும் எதுக்கு அட்டவணை பாக்கச் சொல்றீங்க?

அங்கே பெரும்பாலான கரையில் ஓதம் மிகச் சிறிது, உண்மை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும், அதுவும் உண்மை. உங்கள் கரை இரண்டில் எதைப் போன்றது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? அட்டவணை பார்த்து.

நீலவானம்: பாதை திறந்திருக்குன்னா கடக்கலாம்னுதானே அர்த்தம்?

இல்லை. கலிபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் பாதை திறந்தே இருக்கும். உயர் ஓதத்தில் கடக்க முடியாத நீண்ட பகுதிகளும் அதில்தான் இருக்கின்றன. கதவு போட்டுப் பூட்ட அது கடல், தோட்டம் இல்லை. இந்த விவாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சக்கரம்: வண்டி மணல்ல இறங்கினா டயர் காத்து எவ்வளவு குறைக்கணும்?

முதலில் அங்கே வண்டி இறக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் 32 பி.எஸ்.ஐ. இருப்பதை 18–20க்கு. டயர் நீளவாக்கில் பரந்து மிதக்கும். வேகம் குறைவாக, திருப்பம் மெதுவாக. சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் திரும்ப நிரப்புங்கள், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் தோண்டி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஓதம் ஏறும் நேரத்தில் ஈர மணலில் நிறுத்தவே கூடாது.

தென்றல்: குடிநீர் எவ்வளவு?

குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், வெயிலென்றால் மேலும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கொதிக்க வைத்தாலும் போகாது.

கயல்: மழை வந்தா டென்ட்டுக்குள்ள கேஸ் அடுப்பு வைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வெளியே வையுங்கள், காற்றுத் தடுப்பை நாலு பக்கமும் சுற்றி கேஸ் உருளையைச் சூடாக்கவும் வேண்டாம்.

புதுப்பயணி: அண்ணா, கடற்கரையில டென்ட் எங்க போடலாம்?

மேலே அலைமகளுக்குச் சொன்னது.

மீன்கொடி: பாசிக் கோட்டுக்கு மேல போட்டா போதும்தானே?

மேலே. முழுதாகப் படியுங்கள்.

ஓடம்: எங்க கரைநடைக்குத் தாழ் ஓதம் காலை 4:40க்கு. இருட்டுல டார்ச் அடிச்சுக் கிளம்பிடலாமா?

வேண்டாம். வழுக்குப் பாறையும் பெரிய அலையும் டார்ச்சில் தெரியாது. அடுத்த தாழ் ஓதம் சுமார் 12 மணி 25 நிமிடம் கழித்து, மாலை 5:05. அதுவும் இருட்டில் முடியும். ஆனால் ஓதம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். மூன்று நாள் கழித்துக் காலை 7:10 வாக்கில் கிடைக்கும். அட்டவணையில் சரிபார்த்துவிட்டு, அந்த முகாமையும் அடுத்த முகாமையும் இடம் மாற்றி முன்பதிவு செய்யுங்கள்.